கணக்கு பிழைக்க வைப்பதற்கே; கைவிடுவதற்கல்ல!

கரும்பு வெட்டும்போது காலில் பட்ட அரிவாள் காயம். மில்லில் பல்சக்கரம் நசுக்கிய விரல். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் தாய்க்குக் கண்ட குளிர் ஜுரம். சளி கட்டி மூச்சு வாங்கும் கைக்குழந்தை. இந்த நான்கும் வெவ்வேறு கோளாறுகள். ஆனால் நான்கும் ஒரே பள்ளத்தில் போய் விழலாம். "ஜன்னி கண்டுவிட்டது" என்று நம் பாட்டிமார் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், "ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்று இன்றைக்கும் நாம் சொல்வதும் பல சமயம் அந்தப் பள்ளத்தைத்தான். டாக்டர்கள் அதற்கு இட்டுள்ள பெயர் செப்சிஸ்.

செப்சிஸ் என்றால் என்ன? கிருமி உள்ளே புகுந்ததும் உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. சில சமயம் அந்தப் போராட்டம் கட்டுமீறிப் போய், உடம்பு தன் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ரத்த அழுத்தம் விழுகிறது. மூளை கலங்குகிறது. சிறுநீர் நின்றுபோகிறது. நுரையீரல் திணறுகிறது. நேரத்தோடு வைத்தியம் கிடைத்தால் பலரைக் காப்பாற்றிவிடலாம். நேரம் தவறினால் காரியம் கைமீறிப் போகும்.

2017ஆம் வருஷத்தில் உலகெங்கும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டது, அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்று 2020 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த வருஷத்தில் உலகில் நேர்ந்த ஐந்து சாவுகளில் ஒன்று! நோய் கண்டவர்களில் 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பச்சைக் குழந்தைகள். நூற்றுக்கு 85 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறவர்கள். அதாவது, உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்களின் நோய் இது.

இந்த நோயில் யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் முறைகளை விஞ்ஞானிகள் பல வருஷங்களாக உருவாக்கி வருகிறார்கள். "இது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று தொழிலாளி தோழர்கள் இருந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கில் எண்ணப்படுவது நம் உயிர். ஆகவே அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கணக்கு எதற்கு?

ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணி. கட்டில்கள் நிரம்பி, தரையிலும் பாய் விரித்து நோயாளிகள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு நர்ஸ். ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டுதான். அந்த நர்ஸ் முதலில் யாரிடம் போக வேண்டும்? கூச்சல் போடுகிறவரிடமா, சத்தமே இல்லாமல் மூலையில் சுருண்டு கிடப்பவரிடமா? பல சமயம் சத்தம் போடாதவர்தான் சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இங்கேதான் கணக்கு உதவுகிறது. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், உடற்சூடு, நினைவு ஆகியவற்றை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்துவிடும். அதிக எண் பெற்றவரிடம் நர்ஸ் முதலில் ஓடலாம்; டாக்டரை எழுப்பலாம்; பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இந்த நோயில் நேரமே உயிர். ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட செப்சிஸ் நோயாளிகளுக்குச் சரியான கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று கனடா, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2006ல் கூறியது.

ஆகவே கணக்கு வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி வேறு.

யாருடைய உடம்பை அளந்து செய்த கணக்கு?

பணக்கார நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழங்கும் மதிப்பெண் முறைக்கு ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு, கல்லீரல் சோதனை, சிறுநீரகச் சோதனை, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை எல்லாம் தேவை. சோதனைச் சாலை இல்லாத ஆஸ்பத்திரியில் அந்தக் கணக்கைப் போடவே முடியாது. விடை தெரிய வேண்டுமானால் முதலில் வசதி வேண்டும் என்றால், வசதியில்லாத இடத்தில் கிடக்கும் நோயாளிக்கு அதனால் என்ன லாபம்?

2016ல் எளிய முறை ஒன்று வந்தது. மூன்றே அடையாளங்கள்: நிமிஷத்துக்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழே, நினைவுத் தடுமாற்றம். இரண்டு இருந்தாலே ஆபத்து என்றார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அது முதலில் உருவானது அமெரிக்காவில், தென்மேற்குப் பென்சில்வேனியாவின் 12 ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளிலிருந்து. அங்கே படுத்திருந்த நோயாளியின் வயது வேறு; சாப்பாடு வேறு; கூட இருக்கும் நோய்கள் வேறு. 2021ல் சர்வதேச வைத்திய வழிகாட்டிக் குழுவே இந்த முறையை மட்டும் நம்பிச் செப்சிஸைச் சலித்தெடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது.

ஆப்பிரிக்காவின் கணக்கு

இதற்கிடையே 2017ல் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. காபோன், மலாவி, சியரா லியோன், தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய ஆறு ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 2009 முதல் 2015 வரை சேர்க்கப்பட்ட 5,573 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். 'யூ.வி.ஏ.' என்பது அதன் பெயர். உடற்சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, நினைவு, எச்.ஐ.வி. உண்டா இல்லையா, இந்த ஏழும்தான் அதற்குத் தேவை. சோதனைச் சாலை வேண்டாம். கம்ப்யூட்டர் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும்.

அந்த நோயாளிகளின் நடு வயது என்ன தெரியுமா? 36. அதாவது பாதிப்பேர் 36 வயதுக்குட்பட்டவர்கள். குடும்பத்தைத் தாங்கும் வயது, மண்வெட்டி பிடிக்கும் வயது.

அந்த முறையில் நினைவு தப்பியவருக்கு 4 மதிப்பெண். மற்ற எந்த அடையாளத்துக்கும் அவ்வளவு இல்லை. உடற்சூடு 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியவருக்கு 2. இதை நாம் கவனிக்க வேண்டும். "ஜுரம் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். மருந்தில்லாமல் உடம்பு ஜில்லிட்டுப் போய், ஆளும் மயங்கிக் கிடந்தால் அது குணமல்ல, அபாயம்.

இந்தக் கணக்கு எவ்வளவு சரி? பிழைத்தவர் ஒருவரையும் இறந்தவர் ஒருவரையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், நூறில் 77 தடவை இறந்தவருக்கு அதிக எண் கொடுத்திருக்கிறது. பென்சில்வேனியாவின் மூன்றடையாள முறை அதே நோயாளிகளிடம் நூறில் 69 தடவைதான் சரியாகச் சொன்னது. சொந்த மண்ணின் கணக்கு மேலானது என்பது இதில் தெளிவாகிறது. ஆனால் இன்னொன்றும் தெளிவாகிறது. நூறில் 23 தடவை அதுவும் தவறியிருக்கிறது! ஆகவே எந்த எண்ணையும் தலைவிதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது எச்சரிக்கை மணி, தீர்ப்பு அல்ல.

விலை மலிந்த சோதனை என்றால் தரமும் மட்டம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2019ல் அர்ஜெண்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளின் 28 ஆஸ்பத்திரிகளில் 424 நோயாளிகளிடம் நடந்த ஒரு பரீட்சையின் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை அளந்து பார்த்து வைத்தியம். மறு பாதிக்கு, விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் 10 விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்து வைத்தியம். 28 நாட்களில், லாக்டிக் அமிலம் அளந்த பாதியில் நூற்றுக்கு 43.4 பேர் இறந்தார்கள். விரலைப் பார்த்த பாதியில் 34.9 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே நேர்மையுடன் எச்சரித்தார்கள். ஆனாலும் ஒரு விஷயம் நிலைநின்றது: விரலும் கடிகாரமும் விலையுயர்ந்த கருவிக்கு இளைத்தவை என்று அந்தப் பரீட்சை காட்டவில்லை.

டெட்ராய்ட் வைத்தியமும் லுசாகா நோயாளியும்

கணக்கு அந்நிய மண்ணில் செய்ததானால் வைத்தியமும் அந்நிய மண்ணிலிருந்தே வந்து சேர்கிறது. அதன் பலன் என்ன? ரத்தத்தால் எழுதப்பட்ட இரண்டு அனுபவங்கள் நம் முன் இருக்கின்றன.

முதலாவது, உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 2011ல் வெளியான ஆய்வு. கடும் ஜுரத்தோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உடனே வேகமாக நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும் என்று பணக்கார நாடுகளின் வைத்தியப் புத்தகங்கள் கூறின. அப்படி வேகமாக ஏற்றிய இரண்டு பிரிவுகளில் 48 மணி நேரத்தில் நூற்றுக்கு 10.6, 10.5 குழந்தைகள் இறந்தார்கள். அப்படி ஏற்றாத பிரிவில் 7.3. புத்தகத்தின்படி செய்ததில் சாவு அதிகம்!

இரண்டாவது, ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நடந்து 2017ல் வெளியானது. 2001ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், முதல் ஆறு மணி நேரத்துக்குள் திரவம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து, ரத்தம் என்று வரிசையாகக் கொடுக்கும் ஒரு முறை செப்சிஸ் சாவைக் குறைத்ததாகச் செய்தி வந்து உலகெங்கும் பரவியது. அதே பாணியில் லுசாகாவில், ரத்த அழுத்தம் விழுந்த சுமார் 200 செப்சிஸ் நோயாளிகளிடம் பரீட்சை நடந்தது. புது முறைப்படி வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 48.1 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஜாம்பிய டாக்டர்கள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் பெற்றவர்களில் 33 பேர். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். பெரும்பாலோர் சாதாரண வார்டில் கிடந்தவர்கள். ஏற்றிய நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டால் தாங்கிப் பிடிக்க அங்கே மூச்சு இயந்திரம் எங்கே இருந்தது?

சலைன் ஏற்றுவதே கூடாது என்று யாரும் இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். வயிற்றுப்போக்கால் வறண்ட குழந்தைகள் அந்த முதல் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது யார் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை அந்தந்த நாட்டு நோயாளியின் கட்டிலருகே கிடைக்க வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்தில் நடந்து 2014, 2015ல் வெளியான மூன்று பெரிய பரீட்சைகளில் டெட்ராய்ட் முறையின் சிறப்பு அவர்கள் மண்ணிலேயே நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்குள்ளே பசி

உகாண்டாவின் ம்பராரா நகரில் நடந்து 2015ல் வெளியான இன்னொரு ஆய்வு நம் நெஞ்சைச் சுடுகிறது. கிருமி நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள 1,307 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. "குணமாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்குள் இறந்தவையும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து! அந்தப் பின்சாவுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே நிகழ்ந்தவை. எந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் அவை ஏறவில்லை.

வீடு திரும்பும் குழந்தைகளில் எது இறக்கக்கூடும் என்று எப்படி அறிவது? ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்த அடையாளங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? குழந்தையின் மேல்கைச் சுற்றளவு. ஒரு சிறு நாடாவால் அளந்துவிடலாம். கை எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவு ஆபத்து.

தோழர்களே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானிகள் கிருமியைத் தேடிப் போனார்கள். கணக்கின் நடுவே பசி உட்கார்ந்திருந்தது! குழந்தையின் மெலிந்த கையை எந்தக் கிருமியும் தனியாகச் செய்யவில்லை. தாயின் கூலி செய்தது, அரிசியின் விலை செய்தது, நிலமில்லாமை செய்தது. சாவை முன்கூட்டிச் சொல்லும் எண்களைப் பிரித்துப் பார்த்தால், அதில் வர்க்கத்தின் கைரேகை தெரிகிறது.

நோயாளி எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும் என்று பயந்து காயத்தை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர், மூன்றாம் நாள் ஜன்னியோடு வந்து சேர்கிறார். "ஏன் தாமதமாக வந்தாய்?" என்று அதட்டுகிறார்கள். அவரைத் தாமதப்படுத்தியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

பூட்டி வைத்த கணக்கு

இப்போது யந்திர மூளை வந்துவிட்டது, அது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறவர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பவர்கள் அல்ல.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி தயாரித்து, நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்கு விற்ற செப்சிஸ் முன்னறிவிப்பு யந்திரக் கணக்கு ஒன்று உண்டு. அதன் உள்விவரம் வியாபார ரகசியம். மிச்சிகனில் டாக்டர்கள் அதைத் தங்கள் நோயாளிகளிடம் சரிபார்த்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் கண்ட நூறு பேரில் 67 பேரை அது கண்டுபிடிக்கவே இல்லை! அதே சமயம் ஆஸ்பத்திரியில் இருந்த நூறு நோயாளிகளில் 18 பேருக்கு அபாய மணி அடித்தது. இவ்வளவு பணமும் இவ்வளவு கருவிகளும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி என்றால், அப்படிப்பட்ட பெட்டியை விலைக்கு வாங்கி ஏழை நாட்டு வார்டில் வைத்தால் என்ன ஆகும்?

விரலில் மாட்டும் சின்ன ஆக்சிஜன் கருவியும் பாரபட்சம் காட்டியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் "சரியாக இருக்கிறது" என்று அந்தக் கருவி காட்டியது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிப்படுத்தியது. கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாத வார்டுதான் பெரிய அநியாயம். ஆனால் எந்தத் தோலின் மீது சோதித்துச் செய்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

"வசதிக் குறைவு" யார் செய்த வேலை?

எல்லா ஆய்வுகளிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: "வசதி குறைந்த ஆஸ்பத்திரிகள்". ஏதோ மழை குறைந்த பூமி என்பதுபோலச் சொல்கிறார்கள். ஆனால் வசதி தானாகவா குறைந்தது?

ஜாம்பியாவின் மண்ணுக்கடியில் செம்பு இருக்கிறது. வெள்ளையர் ஆட்சிக்காலத்திலிருந்து அந்தச் செம்பு கப்பலேறிப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நாடு 1964ல் விடுதலை பெற்றது. கடன் வந்தது, கடனோடு நிபந்தனைகள் வந்தன. ஏழை நாடுகளின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளிடம் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று 1987ல் உலக வங்கி அறிக்கை போட்டு வழிகாட்டியது. உகாண்டா 2001ல்தான் அந்தக் கட்டணத்தை ஒழித்தது. ஜாம்பியா 2006ல் கிராமப்புறங்களில் ஒழித்தது. 2020 நவம்பரில் ஜாம்பியா வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கு 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டி கட்ட முடியாமல் தவறியது. வட்டிக்காரன் முதலில், நோயாளி பிறகு என்ற வரிசையை யார் வகுத்தார்கள்?

நம் நாட்டு நிலைமை என்ன? கொடுக்கப் பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று சர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி 1946லேயே கூறியது. தேசிய உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்தது. காலம் கடந்தது, இலக்கு எட்டப்படவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் தவித்த தவிப்பை நாடு மறந்துவிடவில்லை.

இங்கேதான் பெரிய அபாயம் இருக்கிறது. வசதியைப் பெருக்காமல் கணக்கை மட்டும் பெருக்கினால், அந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்? "இந்த எண் வந்தவர் எப்படியும் பிழைக்க மாட்டார், கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடு" என்று கைகழுவுவதற்குப் பயன்படும். தனியார் ஆஸ்பத்திரி முதலாளிக்கோ, "சாவு எண்ணிக்கை கூடினால் பெயர் கெடும்" என்று வாசலிலேயே திருப்பியனுப்பப் பயன்படும். நர்ஸைக் காப்பாற்றத் தூண்ட வேண்டிய எண், நோயாளியைக் கைவிடச் சாக்காக மாறிவிடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத வார்டில் இறந்தவர்களை எண்ணிப் போட்ட கணக்கு, "மூச்சுத் திணறினால் சாவு நிச்சயம்" என்றுதான் சொல்லும். ஆக்சிஜன் வந்தபிறகு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், விடை மாறிவிடும்!

வியன்னாவின் பாடம்

"வசதியே இல்லாதபோது கணக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அதற்குச் சரித்திரம் பதில் சொல்கிறது.

1847ல் வியன்னா நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் வார்டில் பிரசவ ஜன்னியால் தாய்மார் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அந்த வார்டில் மட்டும் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய டாக்டர் இரண்டு வார்டுகளின் சாவுகளையும் எண்ணி ஒப்பிட்டார். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டார். குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 ஆக இறங்கியது.

பெரிய டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை. அவர் பதவி இழந்தார். 1865ல் புண் விஷமாகி, தான் எந்த நோயை எதிர்த்தாரோ அதே நோயால் மாண்டார் என்று கருதப்படுகிறது. ஆனால் அவர் எண்ணிய எண்கள் பொய்க்கவில்லை. சாவை எண்ணியது சாவோடு சமாதானமாவதற்கல்ல, அதைத் தடுப்பதற்கு. நாம் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

நமது கோரிக்கைகள்

ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும், உள்ளே சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், உடற்சூடு, ஆக்சிஜன், நினைவு ஆறும் அளந்து எழுதப்பட வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் எல்லா வார்டுகளிலும் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆள் வேண்டும். காலி நர்ஸ் பதவிகளை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஒரு கையால் நாற்பது நாடி பிடிக்க முடியாது.

எண் கூடினால் கவனிப்பும் கூட வேண்டும். எந்த எண்ணைக் காட்டியும் எந்த நோயாளியையும் திருப்பியனுப்பக் கூடாது.

ஆக்சிஜன் இரவும் பகலும் குழாயில் வர வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். எந்தக் கிருமி என்று ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனைச் சாலை ஒவ்வொரு ஜில்லாவிலும் வேண்டும்.

கணக்கு முறைகள் நம் நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். ஜனங்களின் உடம்பிலிருந்து எடுத்த விவரத்தை ஜனங்களுக்கே வியாபார ரகசியமாக விற்க அனுமதிக்கக் கூடாது.

வீடு திரும்பிய குழந்தையை ஊழியர் தேடிச் சென்று பார்க்க வேண்டும். மெலிந்த கைக்கு மருந்துச் சீட்டோடு உணவும் கொடுக்க வேண்டும்.

வேலையில் காயம்பட்டவருக்கும் ஜுரம் கண்டவருக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும். மில்லுக்கு மட்டுமல்ல, வயலுக்கும்!

இந்தக் கோரிக்கைகளைத் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டும். கூடவே ஒவ்வொரு சங்கத் தோழரும் சில அடையாளங்களைத் தம் தெருவுக்குச் சொல்லிவைக்க வேண்டும். காயம், பிரசவம், ஜுரம், சளி எதுவானாலும் சரி: மூச்சு வேகமாக வாங்குகிறதா? பேச்சு குழறுகிறதா, ஆள் தெரியாமல் உளறுகிறாரா? கைகால் ஜில்லிட்டுத் தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறதா? சிறுநீர் நின்றுபோயிற்றா? குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கிறதா? விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். "இது செப்சிஸாக இருக்குமா, டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நோயாளியின் உரிமை.

லுசாகாவின் வார்டில் தரையில் கிடந்தவரும், ம்பராராவில் மெலிந்த கையோடு வீடு திரும்பிய குழந்தையும் நமக்கு அந்நியர்கள் அல்லர். அவர்கள் உயிரால் எழுதிய கணக்கு உலகத் தொழிலாளி வர்க்கத்தின் சொத்து. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலிலும் சர்க்கார் வாசலிலும் நின்று நாம் கேட்போம்: யார் சாவார் என்று சொல்லத் தெரிந்துவிட்டது, சாகவிடாமல் தடுக்க என்ன செய்தீர்கள்?